சொற்கட்டு மட்டும் இருக்கிற நோட்டுக்கு

வணக்கம் சகோதரி. பழைய பரதநாட்டிய நோட்டில் "தையும் தத்தத் தையும் தா" மட்டும்தான் இருக்கிறது, கை கால் அசைவு நினைவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்தது. சொற்கட்டு, அதாவது தாளத்துக்குச் சொல்லும் அந்தச் சொற்கள், காலக்கணக்கைச் சொல்லும், உடம்பைச் சொல்லாது.

நடனக் கலைஞர் ருடால்ஃப் லாபன், ஆடல் அசைவுகளை எழுதிவைக்க 1928இல் வெளியிட்ட குறியீட்டு முறையைப் பாருங்கள். பக்கத்தைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் இடது உடல், வலப்பக்கம் வலது. குறியின் வடிவம் திசை, அதன் நீளம் நேரம். உள்ளே கறுப்பு என்றால் தாழ்ந்த நிலை, புள்ளி என்றால் நடு, சாய்கோடு என்றால் உயரம். முழங்காலை மடக்கிப் பாதி அமரும் அரைமண்டியில் ஊன்றிய கால்களுக்குக் கறுப்புதான் வரும்.

முழுசாகக் கற்க நாளாகும். இப்போதைக்கு அந்த நடுக்கோட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அட்சரத்துக்கும், அதாவது தாளத்தின் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும், ஒரு கட்டம். அடவு என்பது அடிப்படை ஆடல் அசைவு; அதில் ஒரு வகையான நாட்டடவின் முதலாவதில் "தை"க்கு நேராக, வலப்பக்கம் "கால் பக்கவாட்டில் நீட்டி, குதிகால் தட்டு" என்று எழுதுங்கள். முத்திரைக்கு, அதாவது கை அமைப்புக்கு, படம் வேண்டாம், பதாகம், அலபத்மம் என்ற பெயரே போதும். அப்புறம் பார்வைக்குத் தனிக் கட்டம் கட்டாயம் போடுங்கள், சீக்கிரம் மறந்துபோவது அதுதான். வர்ணம் என்ற நீண்ட உருப்படியை இப்போது தொட வேண்டாம். உடம்பு இன்னும் மறக்காத ஓர் அடவை இன்றே ஆடிப் பார்த்து எழுதுங்கள்.