கடன் வாங்கி எம்பிஏ வேண்டாம். மானியக் கணக்கிலும் வேலை இருக்கிறது

பி.காம். முடித்த மகளைப் பற்றி ஒரு தாய் எழுதியிருக்கிறார். கடன் வாங்கியாவது பெயர் பெற்ற கல்லூரியில் எம்பிஏ சேர்க்கச் சொல்லிப் பெரியப்பாவும் மாமாவும் நெருக்குகிறார்களாம். மகளுக்கு விற்பனை, மேடைப் பேச்சு எதுவும் ஒத்துவராது. கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் அதைப் பிடிக்காமல் விடமாட்டாளாம்.

உங்கள் கவலை புரிகிறது அம்மா. ஆனாலும் அந்தக் கடன் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தவணை கட்டப்போவது மாமா அல்ல, உங்கள் மகள். கடன் தலைக்கு மேல் இருந்தால் பிடிக்காத வேலையைக்கூட அவளால் விட முடியாது.

சி.ஏ., வங்கித் தேர்வு எல்லாம் உங்களுக்கே தெரியும். அதிகம் பேர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன்: அரசு மானிய நிர்வாகத்தைச் சீர்செய்ய உதவும் ஆலோசனைப் பணி. ஆலோசனை நிறுவனங்கள் அரசுத் துறைகளில் அமைக்கும் திட்டக் கண்காணிப்புக் குழுக்களில் இந்த வேலை கிடைக்கும்.

ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பயிற்சி நடத்த மத்திய அரசு மானியம் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மானியத்துக்கு ஒப்புதல் தரும் ஒப்பளிப்பு ஆணை வரும், பணம் வரும், செலவாகும். நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள், பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை (ஆங்கிலச் சுருக்கம் யூசி) தர வேண்டும் என்கின்றன பொது நிதி விதிகள் 2017. அதற்கான படிவம் 12-ஏ. “யூசி வந்துடுச்சா?” என்பதுதான் இந்த அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி. அது வராவிட்டால் மானியத்தின் அடுத்த தவணை நின்றுபோகும், பயிற்றுநர்களுக்குச் சம்பளம் தள்ளிப்போகும்.

சான்றிதழில் ஒரு தொகை, தணிக்கை செய்த கணக்கில் இன்னொரு தொகை. பலர் இதைக் கூட்டல் பிழை என்று கடந்துவிடுவார்கள். உங்கள் மகள் மாதிரி ஆள் வங்கிப் பட்டியலை எடுத்துவைத்துப் பார்ப்பாள். மானியப் பணத்துக்கு வந்த வட்டியையும் சேர்த்துச் செலவழித்திருப்பார்கள். அந்த வட்டி, மத்திய அரசின் வருவாய் சேரும் இந்தியத் தொகுப்பு நிதிக்குத் திரும்பக் கட்ட வேண்டியது. அடுத்து, அதே தவறு மற்ற கோப்புகளிலும் இருக்கிறதா என்று தேடுவாள். இருந்தால் குறை படிவத்திலா, வழிகாட்டுதலிலா என்று பார்த்து, மாற்று வடிவம் எழுதித் தருவாள். யாருக்கு மானியம் என்று மதிப்பிடும் அளவுகோல், பணம் போகும் பாதையைக் காட்டும் பி.எஃப்.எம்.எஸ். என்ற அரசு இணைய அமைப்பின் பதிவுகள், இன்னும் வராத சான்றிதழ்களின் பட்டியல், தணிக்கை ஆட்சேபணைக்குப் பதில் என்று வேலை விரியும். கணக்கறிவோடு தெளிவாக எழுதவும் வர வேண்டும், கோபப்படாமல் திரும்பத் திரும்பக் கேட்கும் பொறுமையும் வேண்டும்.

குறையும் உண்டு. பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். ‘அரசு வேலை’ என்று உறவினரிடம் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் மானியம் பெறும் நிறுவனங்களுக்கும் இதே திறமை தேவை என்பதால், கற்றது வீண்போகாது.

முதலில் பொது நிதி விதிகளில் மானியம் பற்றிய 9-வது அத்தியாயத்தை அவள் படிக்கட்டும். அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அப்புறம் மத்திய தணிக்கைத் துறையின் (சிஏஜி) அறிக்கை ஒன்றில் மானியம் பற்றிய பகுதியைப் பார்க்கட்டும். பிடித்திருந்தால், மானியம் வாங்கும் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சில மாதங்கள் பயிற்சிக்குப் போகட்டும். அலுப்புத் தட்டினால் வேறு வழி பார்ப்போம், அதை அவள் வாயாலேயே சொல்லட்டும். அதுவரை கடன் விண்ணப்பத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம்.