மட்டக்களப்பு மணல் நிலத்தில் தோட்டக் கொட்டிலுக்குக் கொங்கிறீட் தளம் போடுவது எப்படி?

10க்கு 8 அடிக் கொட்டிலுக்கு மணலை மட்டப்படுத்தி, அதன் மேல் கொங்கிறீட்டைக் கொட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. கல்லடியில் எங்கள் வளவில் நான் அப்படித்தான் போட்டேன். மூன்றாவது மாரியில் பின்மூலை உடைந்து இறங்கிவிட்டது. பார்க்க வந்த மேசனார் வெடிப்புக்குள் கையை விட்டார். முழங்கை வரை போனது. "கொங்கிறீட் பிழையில்ல மனே, கீழ இருந்த மண்தான் போயிற்று" என்றார். கூரைத் தகரத்திலிருந்து கொட்டிய தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து, விளிம்புக்கு அடியால் மணலை அரித்துக்கொண்டு போயிருந்தது.

எழுவான்கரை, அதாவது வாவிக்குக் கிழக்கே கடல் பக்க மணல் நல்ல பாரம் தாங்கும். ஆனால் அது நகராமல் அடைத்து வைக்க வேண்டும். சுற்றிவர ஒரு அடி ஆழம் வெட்டி, அடியில் 4 அங்குலம் கொங்கிறீட் போட்டு, சீமெந்துக் கல் இரண்டு வரி கட்டுங்கள். ஒரு வரி மண்ணுக்குள், மற்றது வெளியே. மூலை சரியா என்று பார்க்க ஒரு பக்கம் 6 அடி, மறுபக்கம் 8 அடி அளந்து குறியுங்கள். குறுக்கே சரியாக 10 அடி வர வேண்டும். உள்ளே மணலை நிரப்பி, தண்ணீர் நிறைய விட்டு, இடித்து இறுக்குங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் களிமண் என்றால் அதைத் தோண்டி எடுத்துவிட்டுக் கிரவல் (சரளை மண்) போடுவது நல்லது. களி மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும்.

மேலே பொலித்தீன் விரியுங்கள். இல்லாவிட்டால் காய்ந்த மணல் கொங்கிறீட்டின் தண்ணீரைக் குடித்துவிடும். கம்பி வலையைத் தரையில் போடாமல், ஒன்றரை அங்குலச் சீமெந்துக் கட்டிகளின் மேல் வையுங்கள். பிறகு தூக்கிவிடலாம் என்பார்கள், யாரும் தூக்குவதில்லை.

தளம் 4 அங்குலத் தடிப்பு, கல்லின் மேலும் ஏறி இருக்கட்டும். 1:2:4 கலவைக்கு 50 கிலோ சீமெந்து 5 பை, மணல் 12 கன அடி, முக்கால் அங்குலக் கல் 24 கன அடி பிடிக்கும். கடல் மணல் மட்டும் வேண்டாம், உப்பு கம்பியைத் தின்னும். கலவை கஞ்சி போல ஓடக்கூடாது. குவித்தால் பெரிதாகச் சரியாமல் நிற்க வேண்டும். இறுகுவதற்கு முன் நான்கு மூலையிலும் அரை அங்குல போல்ட் பதித்துவிடுங்கள். 1978 நவம்பர் சூறாவளியைப் பார்த்த ஊரில் கொட்டிலைச் சும்மா தூக்கி வைக்கலாமா?

வறண்ட கச்சான் காற்று அடிக்கும் நாளில் மத்தியானம் வார்க்காதீர்கள், மேற்பரப்பு காய்ந்து வெடிக்கும். விடியவே தொடங்குங்கள். மறுநாளிலிருந்து விளிம்பில் மணல் வரம்பு கட்டி, 7 நாள் தண்ணீர் தேக்கி வையுங்கள். மாரி தொடங்குமுன் எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

அப்புறம் கூரைத் தண்ணீரை ஏந்தப் பீலி வையுங்கள். என் இரண்டாவது கொட்டிலில் பீலியின் வாயைத் தென்னையடிக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன். விளிம்பு மணல் அசையவே இல்லை.