ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழியைப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். முதல் புரோகிராமே ஓடவில்லை, ‘லிங்கர் சிசி நாட் ஃபவுண்ட்’ என்கிறது. என் கோடில் என்ன தப்பு?

உங்கள் கோடில் தப்பில்லை. வியாசர்பாடியில் சாயங்காலம் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளும் இந்த எரரைப் பார்த்ததும் கோடை அழித்து அழித்து எழுதுவார்கள். நன்றாக இருந்த நாலு வரியும் அதில் கெட்டுப்போகும். அதனால் முதலில் கோடிலிருந்து கையை எடுங்கள்.

பெரம்பூர் ஐசிஎஃப் ஆலையில் ரயில் பெட்டி செய்வது ஒரு வேலை. பெட்டிகளைக் கோத்து ரயிலாக்குவது யார்டில் நடக்கிற வேறு வேலை. கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் உங்கள் பெட்டியைச் செய்துவிட்டது. அதையும் ரஸ்ட்டோடு வரும் ரெடிமேட் கோடான லைப்ரரிகளையும் கோத்து ஓடக்கூடிய ஃபைலாக்குவது லிங்கர். லினக்ஸில் ரஸ்ட் இதற்கு சிஸ்டத்தில் இருக்கும் சி கம்பைலரைக் கூப்பிடும், ‘சிசி’ அதுதான். உபுண்டு என்றால் ‘பில்ட் எசென்ஷியல்’ பேக்கேஜை ‘ஆப்ட்’ கட்டளை மூலம் போடுங்கள், முடிந்தது.

விண்டோஸில் ‘லிங்க் டாட் இஎக்ஸ்இ’ இல்லை என்று வரும். விஷுவல் ஸ்டுடியோ பில்ட் டூல்ஸில் சி பிளஸ் பிளஸ் டெஸ்க்டாப் பகுதியை டிக் செய்ய வேண்டும். அது பல ஜிபி. மொபைல் டேட்டாவை நம்பிப் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் ரஸ்ட்டை நிறுவும் ரஸ்ட்அப்பில் ஜிஎன்யு டூல்செயின் என்ற தொகுப்பைத்தான் போடச் சொல்கிறேன். அதில் லிங்கர் கூடவே வந்துவிடும்.

அடுத்த முறை குழப்பம் வந்தால் ரஸ்ட்டோடு வரும் கார்கோ கருவியில் ‘கார்கோ செக்’ ஓட்டிப் பாருங்கள். அது கோடை மட்டும் சரிபார்க்கும், புரோகிராமை லிங்க் செய்யாது. செக் தேறி, புரோகிராமை முழுதாக உருவாக்கும் ‘கார்கோ பில்ட்’ விழுந்தால் பெரும்பாலும் கோளாறு மெஷின் பக்கம்.

செக்கே விழுந்தால் முதல் எரரை மட்டும் படியுங்கள். கீழே இருப்பதில் பாதி அதன் வால்தான். புதியவர்களுக்கு அதிகம் வருவது இ0382 என்ற எண்ணுள்ள எரர்: ஒரு ஸ்ட்ரிங்கை ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் அதன் உரிமையும் போய்விடும், பிறகு அதையே பிரிண்ட் செய்ய முடியாது. எல்லா இடத்திலும் ‘க்ளோன்’ போட்டு நகல் எடுத்தால் எரர் போகும், ஆனால் மொழி பிடிபடாது. ஃபங்ஷனை ரெஃபரன்ஸ், அதாவது உரிமை மாறாத இரவல், வாங்கும்படி மாற்றி, ஸ்ட்ரிங்கின் பெயருக்கு முன்னால் ஆம்பர்சண்ட் (&) போட்டுக் கொடுங்கள். ரஸ்ட் கம்பைலரான ‘ரஸ்ட்சி’ கட்டளையோடு ‘எக்ஸ்பிளெய்ன்’ சேர்த்து எரர் எண்ணைக் கொடுத்தால் உதாரணத்தோடு விளக்கம் வரும். இவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தரும் கம்பைலர் கிடைப்பது அரிது, விடாதீர்கள்.

அப்புறம், வெளி லைப்ரரி சேர்க்கும்போது ‘கேனாட் ஃபைண்ட் மைனஸ் எல்இசட்’ போல வரும். எல்லுக்குப் பின்னால் இருப்பது லைப்ரரியின் பெயர். இசட் என்றால் டேட்டாவைச் சுருக்கும் இசட்லிப் லைப்ரரி. உபுண்டுவில் அதன் ‘டெவ்’ பேக்கேஜைப் போட்டால் போதும்.