சட்டியைக் கழுவாதீர்கள்

வணக்கம் ஐயா,

சிந்துவெளிப் பானை ஓடுகளில் கொழுப்பைக் கண்டுபிடித்தார்களாமே. எங்கள் நண்பர்கள் குழுவில் ஒரு வாரமாக இதே சண்டைதான். ஒருவர் மாட்டுக்கறி என்கிறார், இன்னொருவர் நெய் என்கிறார். நாலாயிரம் வருஷத்துக்கு முன் வெந்ததை இன்றைக்கு எப்படிச் சொல்ல முடியும்? முடியுமென்றால் யார் சொல்வது சரி?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த காலையில் மொட்டைமாடியில் என் அப்பத்தாவின் மீன் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அதில் இப்போது கற்றாழை வளர்கிறது. பதில் எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

முதலில் உங்கள் சண்டையை முடித்துவிடுகிறேன். அது அக்ஷ்யேதா சூர்யநாராயணன் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு. ராகிகடி, ஃபர்மானா உட்பட 7 ஊர்களின் 172 ஓடுகள். கொழுப்பு அமிலங்களில் எடை கூடிய கார்பனும் எடை குறைந்த கார்பனும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தால், அசைபோடும் பிராணியின் கறியா, பாலா, பன்றி போன்றதன் கொழுப்பா என்று ஓரளவு பிரிக்கலாம். பசுவா, எருமையா, வெள்ளாடா என்று அந்த அளவு சொல்லாது. அதற்கு எலும்புகளிடம் போக வேண்டும். ஆகவே உங்கள் நண்பர்கள் இருவரையும் வேறு வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பானை யாருக்கு ஓட்டுப் போட்டது என்று மட்டும்தான் நீங்கள் இன்னும் கேட்கவில்லை.

சட்டி விஷயத்துக்கு வருகிறேன். புதுச் சட்டியை அப்பத்தா உடனே அடுப்பில் ஏற்ற மாட்டாள். வடிகஞ்சி ஊற்றி நாள்கணக்கில் ஊறவைப்பாள், எண்ணெய் தடவி வெயிலில் வைப்பாள். ‘பழக்குறேன்’ என்பாள், கன்றுக்குட்டியைச் சொல்வதுபோல. மண்ணின் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் கஞ்சியும் எண்ணெயும் இறங்கி அடைத்துக்கொள்ளும். அதே துளைகளில் இறங்கிய கொழுப்பைத்தான் ஆய்வுக்கூடத்தில் ஓட்டைச் சுரண்டிப் பொடியாக்கி, கரைப்பானில் கரைத்து எடுக்கிறார்கள். மேலே ஒட்டியிருப்பதை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைக் கேட்கிறார்கள்.

ஆனால் உள்ளே இருப்பது ஒரு நாள் சமையல் இல்லை. இதைத்தான் யாரும் காதில் வாங்குவதில்லை. 2020இல் வெளியான ஒரு சோதனையில் ஏழு பேர் ஆளுக்கொரு மண்சட்டியில் ஏறக்குறைய ஒரு வருஷம் வாராவாரம் சமைத்தார்கள். கடைசியில் மட்டும் சமையலை மாற்றினார்கள். சட்டியில் கருகிக் கிடந்தது கடைசிச் சமையலைச் சொன்னது. ஓட்டுக்குள் இறங்கியது பழசையும் சேர்த்துச் சொன்னது. அப்பத்தாவின் சட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய், தேங்காய்ப்பால், அயிரை, விரால். கோயில் கொடைக்கு ஒருமுறை ஆட்டுக்கறி. ஒரு மழைநாளில் பால்சட்டி உடைந்துபோய், என் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து, திட்டிக்கொண்டே இதிலேயே பால் காய்ச்சியிருக்கிறாள். கலந்தால் அளவுகளும் நடுவில் எங்கோ போய் நிற்கும். பன்றிக்கொழுப்பு மாதிரி தெரிவதுகூட வேறு கொழுப்புகளும் தாவர எண்ணெயும் கலந்ததாக இருக்கலாம் என்று அந்த சிந்துவெளி ஆய்வாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். உங்கள் குழுவில் அந்த வரியை யாராவது பகிர்ந்தார்களா?

அப்புறம் இந்தக் கழுவுகிற வியாதி. ஓர் அகழாய்வுக் குழியின் ஓரத்தில், தொட்டி நிறைய ஓடுகளைப் போட்டு பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வயிறு எரிந்தது. வண்ணமும் கீறலும் தெரிய வேண்டும், சரி. பத்து ஓடுகளையாவது மண்ணோடு அலுமினியத் தாளில் சுற்றி வைக்கக்கூடாதா? வெறுங்கையால் தொட்டால் விரலின் எண்ணெய் ஏறும், பிளாஸ்டிக் பையில் போட்டால் பிளாஸ்டிக்கின் ரசாயனம் ஏறும்.

துருக்கியில் கோர்டியனில், மிடாஸ் மன்னனுடையது என்று சொல்லப்பட்ட கல்லறையை 1957இல் ராட்னி யங் திறந்தார். பாத்திரங்களின் வண்டலை யாரோ புண்ணியவான் காகிதப் பைகளில் எடுத்துவைத்தான். பென்சில்வேனியா அருங்காட்சியகத்தில் நாற்பது வருஷம் அது சும்மா கிடந்தது. அப்புறம்தான் பேட்ரிக் மெக்கவர்ன் குழு அதைப் பார்த்தது. திராட்சை மதுவும் பார்லி பீரும் தேன்மதுவும் கலந்த பானம், ஆட்டுக்கறியும் பருப்பும் சேர்ந்த குழம்பு. இழவு விருந்தின் முழு இலையும் அந்தப் பைகளில் இருந்தது.

கல்யாணமாகி வந்த புதிதில் என் சித்தி மீன் சட்டியை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். மறுநாள் குழம்பில் நுரை வாசம். அப்பத்தா மூன்று நாள் அவளோடு பேசவில்லை. பிறகு சாம்பலும் தேங்காய் நாரும் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கழுவச் சொல்லிக்கொடுத்தாள்.

கற்றாழை வைப்பதற்கு முன்னால், அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அந்தச் சட்டியை நுரை பொங்க சோப்புப் போட்டுத் தேய்த்தவன் நான்தான், ம.