டூல்பாரைக் காணவில்லையா? வாசகர் கேள்வி பதில்

ரிப்பன் (வேர்டின் மேலே பட்டன்கள் அடுக்கியிருக்கும் அகலப் பட்டை) மறைந்துவிட்டது, பட்டன் போய்விட்டது என்று பல கடிதங்கள் வந்திருப்பதால் இந்த முறை பக்கம் முழுவதையும் டூல்பாருக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: வேர்டில் மேலே இருந்த பட்டன்கள் எல்லாம் திடீரென்று மறைந்துவிட்டன. ஹோம், இன்சர்ட் என்ற பெயர்கள் மட்டும் தெரிகின்றன. ஒன்றைத் தொட்டால் பட்டன்கள் வருகின்றன, டைப் செய்யத் தொடங்கியதும் போய்விடுகின்றன. வைரஸா?
(ஜாப் டைப்பிங் சென்டர் நடத்தும் வாசகி, திண்டுக்கல்)

பதில்: வைரஸ் இல்லை, பயப்படாதீர்கள். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு எஃப்1 தட்டுங்கள், வந்துவிடும். சில லேப்டாப்களில் எஃப்என் சாவியையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். ஹோம், இன்சர்ட் போன்ற பெயர்மேல் இரட்டைக் கிளிக் விழுந்தாலே ரிப்பன் சுருங்கிக்கொள்ளும். உங்கள் சென்டரில் யாரோ கை தவறித் தட்டியிருப்பார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: வேர்ட் 2003-இல் எனக்கு வேண்டிய பட்டன்களை எல்லாம் ஒரே வரிசையில் அடுக்கி வைத்திருந்தேன். புதியதில் ஒரு வேலைக்கு மூன்று இடம் தேட வேண்டியிருக்கிறது. பழையபடி மாற்ற வழி உண்டா? அடுத்த மாதம் கணினியும் மாற்றப் போகிறேன்.
(பத்திரம் எழுதுபவர், தஞ்சாவூர்)

பதில்: ஐயா, அந்தப் பழைய டூல்பார்கள் 2007 பதிப்போடு போய்விட்டன, அவை திரும்பி வராது. ஆனால் உங்களுக்கு வேண்டியது பழைய தோற்றம் இல்லையே, வேண்டிய பட்டன் ஒரே வரிசையில் இருக்க வேண்டும், அதுதானே? அதற்குக் குயிக் ஆக்சஸ் டூல்பார் என்று ஒன்று இருக்கிறது, பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ரிப்பனில் நீங்கள் அடிக்கடி தொடும் பட்டன்மேல் ரைட் கிளிக் செய்து 'ஆட் டு குயிக் ஆக்சஸ் டூல்பார்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், அது அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வரிசையே கண்ணில் படவில்லை என்றால் ரிப்பன்மேல் ரைட் கிளிக் செய்து அதைக் காட்டச் சொல்லுங்கள், புதிய பதிப்புகளில் அது மறைந்திருக்கலாம்.

ரிப்பனில் இல்லாத கட்டளைகளும் வேர்டுக்குள் நிறைய இருக்கின்றன. ஃபைல், ஆப்ஷன்ஸ், குயிக் ஆக்சஸ் டூல்பார் என்று போனால் 'கமாண்ட்ஸ் நாட் இன் த ரிப்பன்' என்ற பட்டியல் வரும். 2003-இல் வைத்திருந்த ஏதாவது காணவில்லை என்றால் முதலில் இங்கே தேடுங்கள். அதே திரையில் வலப்பக்கம் மேலே எல்லா ஆவணங்களுக்குமா, திறந்திருக்கும் இந்த ஒன்றுக்கு மட்டுமா என்று கேட்கும் பெட்டி இருக்கும், அதைக் கவனியுங்கள். 'நேற்று வைத்த பட்டன் இன்று இல்லை' என்று எழுதுபவர்களில் பலர் அங்கேதான் தவறவிடுகிறார்கள், பட்டன் நேற்றைய பத்திரத்துக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். அப்புறம், வரிசையில் முதல் பட்டனுக்கு ஆல்ட் சாவியோடு 1, இரண்டாவதுக்கு ஆல்ட் சாவியோடு 2 என்று தானாகவே குறுக்குவழி அமைந்துவிடும், அதனால் அதிகம் தேவைப்படுவதை முன்னால் வையுங்கள். நாள் முழுக்க டைப் செய்கிறவருக்கு இது எவ்வளவு நேரம் மிச்சப்படுத்தும் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

கணினி மாற்றும் முன் அதே ஆப்ஷன்ஸ் திரையின் கீழே இருக்கும் 'இம்போர்ட்/எக்ஸ்போர்ட்' மூலம் எல்லாவற்றையும் ஒரு கோப்பாகச் சேமித்துப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய கணினியில் அதை இறக்கும்போது அங்கே ஏற்கெனவே செய்த மாற்றங்கள் அழிந்துவிடும், ஆகவே முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். மேக்ரோவுக்கு, அதாவது பல படிகளை ஒரே தட்டலில் செய்யப் பதிந்து வைத்த கட்டளைத் தொகுப்புக்கு, பட்டன் வைத்திருந்தால் இன்னொன்றும் உண்டு. இந்தக் கோப்பில் பட்டன் மட்டும்தான் போகும், மேக்ரோ போகாது. அது பெரும்பாலும் நார்மல்.டாட்எம் (Normal.dotm) என்ற மாதிரிக் கோப்பில் இருக்கும், அதையும் தனியாக நகல் எடுக்க வேண்டும்.

கேள்வி: லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் (வேர்ட் போன்ற இலவச மென்பொருள்) டூல்பார் தாறுமாறாகிவிட்டது. பாதி ஐகான்கள் இல்லை, ஒரு பட்டை நடுவில் மிதக்கிறது. இரண்டு முறை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டும் அப்படியே இருக்கிறது.
(பள்ளி ஆசிரியை, விருதுநகர்)

பதில்: டீச்சர், இதே தப்பை நானும் செய்திருக்கிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில் போனது. மென்பொருளை நீக்கினால் மென்பொருள்தான் போகும். நீங்கள் செய்த அமைப்புகள் வேறு இடத்தில், உங்கள் பயனர் கணக்குக்குள் 'யூசர் புரொஃபைல்' என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. புதிதாகப் போட்ட லிப்ரே ஆபீஸ் போய் அதே ஃபோல்டரைத்தான் படிக்கும், கோளாறு அங்கே இருந்தால் பத்து முறை போட்டாலும் அதேதான் வரும். ஆகவே இனி அன்இன்ஸ்டால் வேண்டாம்.

முதலில் சின்னச் சின்ன வழிகளைப் பார்த்துவிடுங்கள். மிதக்கும் பட்டையில் காலியான இடத்தில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இரட்டைக் கிளிக் செய்தால் அது மேலே போய் ஒட்டிக்கொள்ளும். வியூ மெனுவில் 'யூசர் இன்டர்ஃபேஸ்' என்பதைத் திறந்து ஸ்டாண்டர்ட் டூல்பாருக்கு மாற்றிப் பாருங்கள், வேறு தோற்றத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டாலும் ஐகான்கள் போனது போலத்தான் இருக்கும். பட்டையின் வலது ஓரத்தில் இரட்டை அம்புக்குறி தெரிந்தால் ஐகான்கள் போகவில்லை, ஜன்னல் குறுகியதால் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. எல்லாமே மறைந்து வெறும் பக்கம் மட்டும் தெரிந்தால் அது முழுத்திரை, எஸ்கேப் தட்டினால் போதும். அட்டவணைக்குள் கர்சர் வைத்தால் வரும் டேபிள் டூல்பாரை ஒருமுறை மூடிவிட்டால் அது தானாக வராமல் போகும், வியூ, டூல்பார்ஸ் போய் டேபிளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவை எதுவும் பலிக்கவில்லை என்றால் ஹெல்ப் மெனுவில் 'ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட்' இருக்கிறது, உங்கள் அமைப்புகளைத் தற்காலிகமாக ஒதுக்கிவிட்டுத் திறக்கும், 5.3 பதிப்பிலிருந்து வந்த வசதி. மெனுவும் போய்விட்டதென்றால் விண்டோஸ் ஸ்டார்ட் பட்டியலிலேயே லிப்ரே ஆபீஸ் சேஃப் மோட் என்று தனியாக இருக்கும். சேஃப் மோடில் திறந்தால் எல்லாம் சரியாகத் தெரிகிறதா? அப்படியானால் கோளாறு புரொஃபைலில்தான், சந்தேகமே வேண்டாம். அமைப்புகளையும் தோற்ற மாற்றங்களையும் மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் தேர்வு சேஃப் மோட் தொடங்கும்போது வரும் பெட்டியில் உண்டு, அதை எடுங்கள். முழு புரொஃபைலையும் அழிக்கும் தேர்வுக்கு உடனே தாவிவிடாதீர்கள். நீங்கள் அகராதியில் சேர்த்த சொற்கள், ஆட்டோ கரெக்ட் பட்டியல் எல்லாம் அதில் போய்விடும். மாணவர் பெயர்களைத் தமிழில் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தால் அந்த உழைப்பு முழுக்க வீண். அதுதான் கடைசி வழி என்றால், அதே பெட்டியில் புரொஃபைலை ஆர்க்கைவ் செய்யும் பட்டன் இருக்கிறது, அதை அழுத்தி நகல் எடுத்துக்கொண்டு செய்யுங்கள்.

கேள்வி: கணித ஆய்வேட்டை லிக்ஸ் (LyX) என்ற ஆவணம் எழுதும் மென்பொருளில் எழுதுகிறேன். தேற்றம், நிறுவல் இரண்டுக்கும் டூல்பாரில் பட்டன் வேண்டும். ஆனால் மவுஸால் இழுத்துப் போடும் வசதியே இல்லையே?
(ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: இல்லை தம்பி, லிக்ஸில் டூல்பார் என்பது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. மத்தியாஸ் எட்ரிக் 1995-இல் தொடங்கிய மென்பொருள் இது, இன்றும் அதன் டூல்பாரைக் கோப்பைத் திருத்தித்தான் மாற்ற வேண்டும். பழகிவிட்டால் இழுத்துப் போடுவதைவிட எனக்கு இதுதான் பிடிக்கிறது, என்ன மாற்றினோம் என்பது கண்முன்னே எழுத்தாக இருக்கிறது. ஹெல்ப், அபவுட் போனால் லைப்ரரி டைரக்டரி, யூசர் டைரக்டரி இரண்டும் எங்கே என்று காட்டும். முதலாவதன் யூஐ ஃபோல்டரில் இருக்கும் எஸ்டிடிடூல்பார்ஸ்.ஐஎன்சி (stdtoolbars.inc) கோப்பை நகல் எடுத்து, இரண்டாவதற்குள்ளும் யூஐ என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதில் போடுங்கள். லிக்ஸ் உங்கள் நகலைத்தான் முதலில் பார்க்கும். அதில் ஸ்டாண்டர்ட் டூல்பார் பகுதியில், ஏற்கெனவே உள்ள ஐட்டம் வரிகளைப் பார்த்து அதே மாதிரி ஒரு வரி சேர்க்க வேண்டும். முதல் மேற்கோளுக்குள் பட்டனின் பெயர், இரண்டாவது மேற்கோளுக்குள் 'லேஅவுட் தியரம்' (layout Theorem) என்ற கட்டளை, ஆங்கிலத்தில். நிறுவலுக்கு 'லேஅவுட் ப்ரூஃப்' (layout Proof). பிறகு லிக்ஸை மூடித் திறங்கள்.

மற்றக் கட்டளைகளின் பெயர்கள் ஹெல்ப் மெனுவில் உள்ள லிக்ஸ் ஃபங்ஷன்ஸ் கையேட்டில் இருக்கின்றன. சேர்த்த வரிகளைத் தனியாகவும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், லிக்ஸின் அடுத்த பெரிய பதிப்புக்கு மாறும்போது பழைய நகலை அப்படியே வைத்திருந்தால் அதில் புதிதாக வந்த பட்டன்கள் தெரியாமல் போகலாம். ஏதாவது தப்பாகி டூல்பார் வராமல் போனால் உங்கள் நகலை அங்கிருந்து எடுத்துவிடுங்கள், பழையது அப்படியே வந்துவிடும்.