கோட்டைச் சுவரின் கறுப்பு தீயால் வந்ததா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மாணவர்களைச் சங்ககிரிக் கோட்டைக்கு அழைத்துப் போனபோது, மதிலில் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாகக் கறுப்பு இறங்கியிருந்தது. "சண்டையில் தீ வைத்த தடயம்" என்று உடன் வந்த ஒருவர் சொல்ல, பிள்ளைகள் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அது சரியா? கல் கோட்டையைத் தீயால் பிடிக்க முடியுமா?

பதில்: அந்த வரியைத் திருத்தச் சொல்லுங்கள் டீச்சர். விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. புகைக்கரி கீழிருந்து மேலே ஏறும்; மேலிருந்து கீழே இறங்குவது மழைநீர். தண்ணீர் வடிகிற தடத்தில் நுண்பாசி படர்ந்து, வெயிலில் காய்ந்து கறுத்துவிடுகிறது. ஏற்காடு மலைப்பாதையில் பாறைகள் மேல் தெரியும் கறுப்புக் கோடுகளும் இதே வகைதான்.

கருங்கல் உண்மையிலேயே தீயில் வெந்தால் வேறு மாதிரி ஆகும். அதிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சுமார் 573 டிகிரி செல்சியஸில் திடீரென்று விரியும். கல்லின் மேற்பரப்பு வெங்காயத் தோல் போலச் சிம்பு சிம்பாக உரியும். இரும்புச்சத்து இருந்தால் செம்மை ஏறும். பாறை மேல் விறகை எரித்துப் பலகைக்கல் பெயர்த்த பழைய கல்தச்சர்களுக்கு இது கைவந்த வித்தை. உரிதலும் செம்மையும் சேர்ந்து கண்ணில் பட்டால் மட்டும் தீயைச் சந்தேகிக்கலாம். வாசல் மண்டப விதானத்தில் கரி இருந்தால்கூட, பிற்காலத்தில் அங்கே தங்கியவர்கள் சமைத்த அடுப்புப் புகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். படைகள் தீயைக் கொண்டு தாக்கியது பெரும்பாலும் சுவரை அல்ல, சுவரோடு சேர்ந்த மரத்தை. கி.மு. 424இல் கிரேக்கத்தின் தீலியத்தில் அரணைத் தாக்கியவர்கள், ஒரு பெரிய மர உத்தரத்தைக் குடைந்து குழாயாக்கி, முனையில் கரியும் கந்தகமும் நிறைத்த கொப்பரையைத் தொங்கவிட்டு, மறுமுனையில் துருத்தி வைத்து ஊதினார்கள். அது பிடித்ததற்குக் காரணம், அங்கே அரணில் மரமும் கொடியும் கலந்திருந்ததுதான். 1215இல் இங்கிலாந்தின் ரோச்செஸ்டர் கோட்டையைப் பிடிக்க ஜான் மன்னரின் ஆட்கள் கோபுரத்தின் அடியில் சுரங்கம் தோண்டி மரத்தூண்களால் தாங்கவைத்து, 40 கொழுத்த பன்றிகளின் கொழுப்பைக் கொண்டு அந்தத் தூண்களை எரித்தார்கள். தாங்கியது போனதும் கோபுரத்தின் ஒரு மூலை சரிந்தது. அங்கேயும் தீ தின்றது மரத்தைத்தான்.

அர்த்தசாஸ்திரம் இன்னும் கொடுமையான வழி ஒன்றைச் சொல்கிறது: கோட்டைக்குள் கூடு கட்டும் காகம், கிளி, புறா போன்ற பறவைகளைப் பிடித்து, வாலில் தீப்பொருளைக் கட்டிப் பறக்கவிடுவது. குறி, உள்ளே இருக்கும் கூரைகள். ஆனால் அதே நூல், வேறு வழியில் பிடிக்க முடிந்தால் தீ வைக்காதே, தீயை நம்ப முடியாது, மக்களும் தானியமும் கால்நடையும் அழியும் என்கிறது. பிள்ளைகளிடம் இதை அவசியம் சொல்லுங்கள். தீயின் கணக்கைத் தெரிந்தவர்களே அதற்கு அஞ்சினார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நம் பக்கத்தில் தீ காப்பவர் கையிலும் இருந்தது. சிலப்பதிகாரம் மதுரை மதிலின் பொறிகளை வரிசையாகச் சொல்லும்போது, கொதிக்கும் நெய்யும் உலோகம் காய்ச்சும் உலையும் வருகின்றன. ஏறி வருபவன் தலையில் கொட்டுவதற்காகத்தான்.

அப்புறம் மைசூர் ராக்கெட்டுகள். ஹைதர், திப்பு காலத்தில் இரும்புக்குழாயில் வெடிமருந்து அடைத்து ஏவினார்கள். குதிரைப்படையைக் கலைக்க அது பயங்கரமான ஆயுதம். ஆனால் கல் மதிலை இடிக்கும் வேலை பீரங்கிக் குண்டுக்கு உரியது. திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1799 மே 2 அன்று வெளியிலிருந்து வந்த குண்டு பட்டு, உள்ளே சேமித்த ராக்கெட்டுகளே வெடித்தன. மே 4இல் ஆங்கிலேயர் நுழைந்தது பீரங்கி இடித்த பிளவு வழியாக. 1791 நவம்பரில் கிருஷ்ணகிரி மேல்கோட்டையை ஏற முயன்ற ஆங்கிலேயப் படையை விரட்டியதும் தீ அல்ல, மேலிருந்து உருட்டிவிட்ட பாறைகள்.

அடுத்த முறை போகும்போது வாசல்களில் கதவுக் குடுமி சுழன்ற குழிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தீ வைப்பவன் தேடியிருக்கக்கூடியது அந்தக் கதவைத்தான். சுவரைச் சுரண்டிப் பார்க்க மட்டும் விடாதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருநாள் போனால் சுரண்டவே வேண்டியதில்லை. அதே கறுப்புப் பட்டைகளில் பச்சை துளிர்த்திருக்கும்.