200 மீட்டர் டிராக் வேண்டாம்

இடம் மிச்சமாகும் என்று 200 மீட்டர் சைக்கிள் டிராக் போட்டு, நடுவில் பேட்மிண்டன் களங்கள் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஒலிம்பிக்கும் உலகச் சாம்பியன்ஷிப்பும் 250 மீட்டர் டிராக்கில்தான் நடக்கின்றன. பயிற்சிக்கு மட்டும் என்றால் 200 போதும், ஆனால் நீங்கள் பெரிய போட்டிகள் என்கிறீர்களே.

அந்த 250 மீட்டரை டிராக்கின் உள்விளிம்பில் அளக்கக் கூடாது. விளிம்பிலிருந்து 20 செ.மீ. மேலே உள்ள கறுப்புக் கோட்டில் அளக்க வேண்டும். வளைவின் சரிவு 42 டிகிரி வரை போகும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் சுவர் மாதிரி நிற்கும்.

அப்புறம் காற்று. உங்கள் திட்டத்தில் என்னை உறுத்துவது இதுதான். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, வேகம் கூடும். அதனால் சைக்கிள் பந்தயத்துக்கு அரங்கை 28 டிகிரி செல்சியஸ் அளவில் வைப்பார்கள். பேட்மிண்டன்காரருக்கு அது புழுக்கம். குளிரூட்டியைப் போட்டால் இறகுப்பந்து அலையும். கிளாஸ்கோவில் 2014 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டியபோது விளையாட்டு அரங்கையும் வெலோட்ரோமையும் (சைக்கிள் டிராக் உள்ள அரங்கு) ஒரே வளாகத்தில் தனித்தனிக் கூடங்களாக வைத்தார்கள். நிலம் இருந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

நடுக்களம் வேண்டும் என்றே முடிவானால், டிராக்கைக் கடக்காமல் உள்ளே போய்வர அதற்கு அடியில் சுரங்கப்பாதையை இப்போதே வரைபடத்தில் சேர்த்துவிடுங்கள். டிராக்குக்கு மரப்பலகை இறக்கிய பிறகு அது நடக்காது.